மெண்டிப் மலையின் மழை, பாத் நகரத்தின் வெந்நீர்

புதன்

பாத் நகரத்துக்கு வருகிறவர்களில் பலர் காலையில் லண்டனிலிருந்து வந்து, ரோமானியர் கட்டிய குளியல் கூடத்தையும் ராயல் கிரெசன்ட் வீடுகளையும் பார்த்துவிட்டு, சாயங்கால ரயிலில் திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் அடுத்த வாரம் வரை இங்கேதான். அப்பா பொதுப்பணித்துறையில் பாசனப் பிரிவுப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓர் ஊரின் தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எந்த வழியாக வெளியே போகிறது என்று தெரியாவிட்டால், அந்த ஊரைப் பார்த்த கணக்கிலேயே சேர்க்க மாட்டார். பிரிட்டனில் இவ்வளவு சூடான ஊற்று வேறெங்கும் இல்லை என்று சொன்னதுமே, "அப்ப ஒரு நாள் பத்தாதும்மா" என்றுவிட்டார்.

லண்டனின் பாடிங்டன் ரயில் நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். ஊர் வருவதற்கு முன் பாக்ஸ் சுரங்கம் வருகிறது. புரூனெல் என்ற பொறியாளர் கட்டி 1841-இல் திறந்தது. கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர். வெடிமருந்தும் கைக்கருவிகளும் மட்டுமே வைத்துக் குடைந்த அந்த வேலையில் நூறு பேர் வரை செத்திருக்கிறார்கள். இப்போது ரயில் அதைக் கண்மூடித் திறப்பதற்குள் கடந்துவிடுகிறது. வெளியே வந்து கொஞ்ச நேரத்தில் மலைச்சரிவு முழுக்க வெளிர் மஞ்சள் கல் வீடுகள் வரிசை வரிசையாகத் தெரிகின்றன. ஊரே ஒரே கல். உள்ளூர்ச் சுண்ணாம்புக் கல்தான், பாத் கல் என்றே பெயர். மழையில் நனைந்த சுவர்கள் ஒரு சாயல் கறுத்து, காய்ந்த இடத்தில் மறுபடி வெளுத்து நின்றன.

பெட்டிகளை அறையில் போட்டுவிட்டு நேராக ஏவன் ஆற்றுக்குப் போனோம். புல்ட்னி பாலம், ராபர்ட் ஆடம் வடிவமைத்து 1774-இல் முடிந்தது. பாலத்தின் இருபுறமும் முழு நீளத்துக்குக் கடைகள். மேலே நடக்கும்போது ஆற்றைக் கடக்கிறோம் என்பதே தெரியாது. கடைத்தெருவில் போவதாகத்தான் இருக்கும். கரையில் இறங்கி நின்றால்தான் மூன்று வளைவுகள் தெரியும். எல்லோரும் பாலத்தைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா அதற்குக் கீழே இருந்த கலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். படிகளாக வளைந்து இறங்கும் அந்தக் கலிங்கு பழையது போலத் தோன்றினாலும் 1970-களின் தொடக்கத்தில் கட்டியது. அதற்கு முன் வெள்ளம் ஊருக்குள் வந்துகொண்டே இருந்திருக்கிறது. பக்கத்தில் வெள்ள நேரத்தில் திறக்கும் ஷட்டர் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பிறகுதான் அப்பா சாப்பிட வந்தார்.

வியாழன்

இன்று முழுக்க ரோமானியக் குளியல் கூடம். காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனோம், வெளியே வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

உள்ளே நுழைந்ததும் மேல்தளம். அங்கே ரோமப் பேரரசர்களின் சிலைகள் நிற்கின்றன. அவை விக்டோரியா காலத்தவை. தூண்களின் மேற்பகுதியும் அப்படியே. ரோமானியர் கட்டியது எல்லாம் தெருமட்டத்துக்குக் கீழே, சுமார் ஆறு மீட்டர் ஆழத்தில். அவர்கள் போன பிறகு கூரை இடிந்து, சேறு மூடி, அதன் மேல் வேறு வேறு ஊர்கள் எழுந்துவிட்டன. பெரிய குளம் இருந்த இடத்தின் மேல் வீடுகளே இருந்தன. 1880 வாக்கில், நகரக் கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் டேவிஸ் நீர்க்கசிவு ஒன்றைத் தேடிப் போய்த்தான் அதை வெளியே கொண்டுவந்தார்.

முதலில் ஊற்று. ஒரு நாளைக்கு சுமார் 11 லட்சத்து 70 ஆயிரம் லிட்டர், 46 டிகிரி சூட்டில். மழைக்காலம், கோடைக்காலம் என்று அதற்கு வேறுபாடு கிடையாது. தரையிலிருந்து குமிழ் குமிழாக எழும்பும் வாயுவைப் பார்த்துவிட்டுப் பலர் தண்ணீர் கொதிக்கிறது என்று நினைக்கிறார்கள்; சூட்டால் வரும் குமிழ் இல்லை அது, ஆழத்திலிருந்து தண்ணீரோடு சேர்ந்து வரும் வாயு. தண்ணீருக்குப் பிறப்பிடம் இங்கிருந்து தெற்கே உள்ள மெண்டிப் மலை என்பதுதான் நிலவியலாளர்கள் பெரும்பாலும் ஒப்புக்கொள்ளும் விளக்கம். அங்கே பெய்யும் மழை சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் இறங்கி, சில கிலோமீட்டர் ஆழம் போய், பூமியின் வெப்பத்தில் சூடேறி, அழுத்தத்தால் இந்த ஊருக்குக் கீழே உள்ள பிளவு வழியாக மேலே ஏறி வருகிறது. இன்று நாங்கள் பார்த்த நீர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை.

இப்படிச் சேற்றுக்குள்ளிருந்து பொங்கிவரும் ஊற்றைச் சுற்றிக் கட்டுமானம் எழுப்புவது எவ்வளவு கடினம் என்று அப்பா சொல்லச் சொல்லத்தான் எனக்கு விளங்கியது. அஸ்திவாரம் நிற்க உறுதியான தரையே இருக்காது. ரோமானியப் பொறியாளர்கள் ஓக் மரக் கம்பங்களை ஊற்றைச் சுற்றிலும் சேற்றில் அடித்து இறக்கி மண்ணைக் கட்டினார்கள். அதற்குள் கல் சுவர் எழுப்பி, ஈயத் தகடு போர்த்தி, ஒரு தொட்டியாக்கினார்கள். தொட்டி நிரம்பியதால் நீர்மட்டம் உயர்ந்தது. அந்த உயரத்தை வைத்தே குளங்களுக்குத் தண்ணீரை ஓடவிட்டார்கள். எந்த இயந்திரமும் தேவைப்படவில்லை. ஊற்று மேலே தள்ளிக்கொண்டு வரும் மணலைக் கழித்துவிட அடியில் ஒரு மதகும் வைத்திருந்தார்கள்.

"பாத்தியா, தூர் வாருறதுக்கும் வழி வச்சுட்டுத்தான் கட்டிருக்கான்" என்றார் அப்பா. அரங்கத்தில் அவர் குரல் கொஞ்சம் பலமாகவே கேட்டது. ஏரி கட்டுவது பெரிதில்லை, கட்டின நாளிலேயே பராமரிப்பை யோசிப்பதுதான் பெரிது என்பது அவர் பணிக்காலம் முழுக்கச் சொன்ன பேச்சு.

பெரிய குளத்துக்கு வந்தோம். 1.6 மீட்டர் ஆழம். அடியில் 45 ஈயத் தகடுகள் விரித்திருக்கிறார்கள். ஏறக்குறைய 1,900 ஆண்டுகள் கழித்தும் அவை அங்கேயே இருக்கின்றன, தண்ணீரைத் தாங்குகின்றன. ரோமானியர் வந்து சில ஆண்டுகளுக்குள்ளேயே மெண்டிப்பில் ஈயச் சுரங்கங்களைத் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். மழையும் அந்த மலையிலிருந்து, ஈயமும் அந்த மலையிலிருந்து. அந்த நிமிடமே மெண்டிப்புக்குப் போகவேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

குளத்து நீரின் பச்சை நிறம் பாசியால் வருவது. முன்பு மேலே பெரிய வளைகூரை இருந்தது, வெயில் படாததால் நீர் தெளிவாக இருந்திருக்கும். தொடக்கூடாது என்று எழுதிவைத்திருக்கிறார்கள், காரணம் இருக்கிறது. 1978-இல் இந்த ஊற்று நீரில் நீந்திய ஒரு சிறுமி அமீபாவால் வந்த மூளைக்காய்ச்சலில் இறந்துபோனாள். அதோடு குளிப்பதை நிறுத்தினார்கள். பிறகு 1983-இல் ஊற்றின் ஆழத்துக்குப் புதிய ஆழ்துளை இறக்கி, சுத்தமான நீர் எடுத்தார்கள். இப்போது குடிக்கக் கொடுப்பது அந்த நீர்தான்.

அருங்காட்சியகப் பகுதியில் நான் அதிக நேரம் நின்றது சாபத் தகடுகளின் முன்னால். ஊற்றுக்குள்ளிருந்து சுமார் 130 தகடுகள் எடுத்திருக்கிறார்கள், பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்தவை. குளிக்கப் போன நேரத்தில் துணியோ பொருளோ களவு போனவர்கள், தெய்வத்திடம் முறையிட்டு எழுதிச் சுருட்டி ஊற்றில் போட்டிருக்கிறார்கள். டோசிமெடிஸ் என்பவனுக்கு இரண்டு கையுறைகள் போயிருக்கின்றன. எடுத்தவனுக்குப் புத்தியும் கண்களும் போகட்டும் என்று கேட்கிறான். டோசிலியானஸ் என்பவன் மேலங்கியை இழந்தவன். திருடியவர் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரரோ, யாராயிருந்தாலும் விடாதே என்று வேண்டுகிறான். தெய்வத்தின் பெயரைச் சொல்லி, நடந்ததைச் சொல்லி, யாராயிருந்தாலும் என்று சட்டப் பத்திரம் போல ஓட்டையில்லாமல் எழுதியிருக்கிறார்கள். பேரரசர்களைப் பற்றி எவ்வளவோ படித்துவிட்டோம். கையுறை பறிகொடுத்தவனின் கோபம் அப்படியே கைக்குக் கிடைப்பது இந்த ஊரில்தான்.

அந்தத் தெய்வம் சுலிஸ். ரோமானியர் வருவதற்கு முன்பே இந்த ஊற்றுக்கு உரியவள். வந்தவர்கள் அவளை நீக்காமல் தங்கள் மினர்வாவோடு சேர்த்து சுலிஸ் மினர்வா ஆக்கி, கி.பி. 60-களில் கோயில் கட்டத் தொடங்கினார்கள். பொன்முலாம் பூசிய அவள் வெண்கலத் தலை 1727-இல் கழிவுநீர்க் கால்வாய் தோண்டியவர்கள் கையில் சிக்கியது. ஆறு முறை பொன் பூசியிருக்கிறார்கள் என்றால், எத்தனை தலைமுறை அவளைப் பார்த்துக்கொண்டது என்று எண்ணிக்கொள்ளலாம். உடல் இன்னும் கிடைக்கவில்லை. ஊற்றுக்குள்ளிருந்து 12,000-க்கு மேல் நாணயங்கள் கிடைத்திருக்கின்றன.

கடைசியில் ரோமானியர் கட்டிய வடிகால். ஊற்றின் மிகுதி நீர் இன்றும் அந்த வழியாகத்தான் ஏவன் ஆற்றுக்குப் போகிறது. இரும்புச் சத்து படிந்து கல் செம்மஞ்சளாக மாறியிருக்கிறது, ஆவி கிளம்புகிறது, சத்தம் பலமாகக் கேட்கிறது. அப்பா அங்கிருந்து நகரவே இல்லை.

வெளியேறும் இடத்தில் குழாயில் ஊற்று நீர் கொடுத்தார்கள். வெதுவெதுப்பாக, இரும்பும் உப்பும் கலந்த ருசி. அப்பா இரண்டு குவளை குடித்தார்.

வெள்ளி

காலையில் தேவாலயம். குளியல் கூடத்துக்குப் பக்கத்துச் சுவர். இதே இடத்தில் இருந்த பழைய தேவாலயத்தில்தான் 973-இல் எட்கர் இங்கிலாந்தின் மன்னராக முடிசூட்டப்பட்டார். இப்போதுள்ள கட்டடம் 1499-இல் ஆலிவர் கிங் என்ற பிஷப் தொடங்கியது. அவர் கனவில் தேவதைகள் ஏணியில் ஏறி இறங்கினார்களாம்; முகப்பின் இருபுறமும் கல் ஏணிகள், அவற்றில் கல் தேவதைகள். தலைகீழாக இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். உள்ளே விசிறி போல விரியும் கல் விதானம். நடுப்பகுதியின் விதானம் 19-ஆம் நூற்றாண்டில்தான் முடிந்தது.

இப்போது அந்தத் தேவாலயத்துக்கு வெப்பம் தருவதும் நேற்றுப் பார்த்த வடிகால்தான். வீணாக ஆற்றுக்குப் போகும் வெந்நீரிலிருந்து சூட்டை மட்டும் எடுத்து, தரைக்கு அடியில் ஓடவிட்டிருக்கிறார்கள். அப்பா குனிந்து தரைக் கல்லில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.

சுவர் முழுக்க நினைவுக் கற்கள், அறுநூறுக்கும் மேல். சிகிச்சைக்கு வந்து இங்கேயே இறந்தவர்கள் நிறையப் பேர். கிழக்கிந்தியக் கம்பெனியில் சம்பாதித்துத் திரும்பியவர்கள், மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தியவர்கள் எல்லாரும் இங்கே இருக்கிறார்கள். நான் தேடி வந்த பெயர் வில்லியம் டிரேப்பர். 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை சென்னையை முற்றுகையிட்டபோது, கோட்டையை விட்டு வெளியே படையோடு பாய்ந்து கறுப்பர் நகரத் தெருக்களில் சண்டை போட்டவர் அவர். 1759 பிப்ரவரியில் கப்பல்கள் வந்தபின் முற்றுகை விலகியது. அவர் 1787-இல் இந்த ஊரில் இறந்தார். லத்தீனில் எழுதிய கல்வெட்டைப் பார்த்தபடி நின்றேன். அந்தத் தெருக்களில் வீடு வாசல் இழந்த சென்னைக்காரர்கள் யாருக்கும் எங்கேயும் ஒரு கல் கிடையாது. இதைச் சொல்லாமல் இந்தச் சுவரைப் பற்றி என்னால் எழுத முடியாது.

மதியம் சர்க்கஸ் என்ற வட்டத் தெரு. ஜான் வுட் என்ற கட்டடக் கலைஞர் 1754-இல் தொடங்கி, அதே ஆண்டில் இறந்துவிட, அவர் மகன் முடித்தது. முழு வட்டமாக 33 வீடுகள், மூன்று வளைவுகளாக. தளத்துக்கு ஒரு வகைத் தூண். பாம்பு, கருவிகள், கப்பல் என்று நூற்றுக்கணக்கான சின்னங்கள் சுவரைச் சுற்றி ஓடுகின்றன. கூரை விளிம்பில் கல்லில் செதுக்கிய ஓக் மரத்துக் கொட்டைகள். பிளாடுட் என்ற இளவரசனுக்குத் தொழுநோய் வந்து, பன்றி மேய்த்துக்கொண்டிருந்தபோது பன்றிகள் வெந்நீர்ச் சேற்றில் புரண்டு குணமானதைக் கண்டு, தானும் புரண்டு குணமாகி ஊரை நிறுவினான் என்று கதை. பன்றிக்குப் பிடித்த தீனி அந்தக் கொட்டை. வுட் இந்தக் கதையை முழுதாக நம்பியவர். வட்டத்தின் விட்டத்தைக்கூட ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தை அளந்து வைத்தார் என்பார்கள்.

வட்டத்தின் நடுவே இப்போது பெரிய பிளேன் மரங்கள். வீடுகள் கட்டியபோது மரம் கிடையாது, கல் பாவிய தளம். அதற்கு அடியில் வீடுகளுக்குத் தண்ணீர் கொடுக்கும் தொட்டி. 14-ஆம் எண் வீட்டில் ராபர்ட் கிளைவ் இருந்தார். ஆற்காட்டிலும் வங்காளத்திலும் ஈட்டிய பணம் இங்கேயும் வந்து சேர்ந்திருக்கிறது.

அங்கிருந்து சில நிமிட நடையில் ராயல் கிரெசன்ட். மகன் வுட் 1767-இல் தொடங்கியது. 30 வீடுகள், 114 தூண்கள். முன்பக்கம் ஒரு தாறுமாறும் இல்லாத ஒரே வளைவு. பின்பக்கத் தெருவுக்குப் போய்ப் பார்க்கச் சொல்வேன். முகப்பை மட்டும் வுட் கட்டிக் கொடுத்தார், பின்னால் வாங்கியவர்கள் அவரவர் விருப்பப்படி கட்டிக்கொண்டார்கள். ஒரு வீடு உயரம், ஒரு வீடு குட்டை, ஒன்றின் ஜன்னல் இன்னொன்றோடு சேராது. முன்பக்கத்தைவிட எனக்கு அதுதான் பிடித்தது, குடும்பங்கள் வாழ்ந்த தடம் அங்கேதான் தெரிகிறது. முன்னால் உள்ள புல்வெளியில் ஆடுமாடு வராமல் தடுக்க மறைவான பள்ளச் சுவர் ஒன்று கட்டியிருக்கிறார்கள். வீட்டிலிருந்து பார்த்தால் அது கண்ணுக்குப் படாது.

சனி

அப்பாவுக்கு முழங்கால் வலி. தேவாலயத்துப் பக்கமிருந்து மெதுவாக நடந்து பழைய மினரல் வாட்டர் மருத்துவமனைக் கட்டடத்தைப் பார்த்தோம். 1742-இல் திறந்தது. ஏழைகளுக்கென்று கட்டியது, நாடு முழுவதிலிருந்தும் நோயாளிகள் வந்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் அனுமதி கிடையாது, அவர்கள் வீட்டில் இருந்தபடியே குளித்துக்கொள்ளலாம் என்பதால். சேரும்போது ஒரு தொகை கட்டி வைக்கவேண்டும். குணமானால் ஊர் திரும்பும் செலவுக்கு, இறந்தால் அடக்கச் செலவுக்கு. அந்த விதியைப் படித்தபோது மனம் கனத்துவிட்டது. வாத நோய்ச் சிகிச்சை 2019-இல் ஊருக்கு வெளியே உள்ள பெரிய மருத்துவமனை வளாகத்துக்குப் போய்விட்டது.

அந்தக் காலத்தில் கைகால் செயலிழந்து வந்தவர்களில் பெயின்டர்கள், ஈயக் குழாய் வேலை செய்தவர்கள் பலர். ஈயம் உடலில் ஏறி வந்த பக்கவாதம். வாரக்கணக்கில் கழுத்தளவு வெந்நீரில் உட்கார வைத்தார்கள், பலர் தேறினார்கள். வெறும் நம்பிக்கை என்று பிற்காலத்தில் ஒதுக்கிவிட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் கடைசியில் பிரிஸ்டல் ஆய்வாளர்கள் சோதித்தபோது, கழுத்தளவு நீரில் இருந்தால் சிறுநீர் அதிகம் பிரிகிறது, அதோடு ஈயமும் வெளியேறுகிறது என்று தெரிந்தது. பழைய வைத்தியர்கள் பார்த்துக் குறித்துவைத்தது சரிதான்.

பிறகு நியூ கிங் ஸ்ட்ரீட் 19-ஆம் எண் வீடு. வில்லியம் ஹெர்ஷல் இந்த ஊரில் தேவாலய ஆர்கன் வாசித்து, சங்கீதம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவர். இரவில் வானம் பார்ப்பார். 1781 மார்ச் 13 இரவு, இந்த வீட்டுப் பின்தோட்டத்தில், தானே செய்த தொலைநோக்கியில் யுரேனஸைக் கண்டார். முதலில் வால்நட்சத்திரம் என்றுதான் எண்ணினார். தோட்டம் மிகச் சிறியது. நான்கு சுவருக்குள் அடங்கும் இந்த இடத்திலிருந்துதான் மனிதர்கள் அறிந்த சூரியக் குடும்பம் இரண்டு மடங்கு அகலமானது.

கீழ்த்தளத்தில் பட்டறை. அதே ஆண்டு ஆகஸ்டில் தொலைநோக்கியின் பெரிய ஆடி ஒன்றுக்காக உலோகம் உருக்கி வார்த்தபோது அச்சு உடைந்து, குழம்பு தரையில் ஓடிவிட்டது. சூட்டில் கல் வெடித்துத் தெறித்ததால் எல்லாரும் தப்பி ஓடினார்கள். அந்த வெடிப்புகள் இன்றும் தரையில் தெரிகின்றன. தங்கை கரோலின் வீட்டையும் பார்த்து, குறிப்புகளையும் எழுதி, அண்ணன் கை எடுக்காமல் மணிக்கணக்கில் ஆடியைத் தேய்த்தபோது சாப்பாட்டை வாயில் ஊட்டியிருக்கிறார். பின்னாளில் அவரே எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டார். அண்ணனுக்கு உதவியவர் என்ற ஒரு வரியில் அவரை முடிப்பது நியாயமில்லை.

சாயங்காலம் தெர்மே பாத் ஸ்பா. 2006-இல் திறந்த புதிய குளியல் கூடம். ஊற்று நீரைச் சுத்திகரித்து, சுமார் 33 டிகிரிக்கு ஆற்றிக் கொடுக்கிறார்கள். மொட்டைமாடிக் குளத்தில் கழுத்தளவு நீரில் நின்றால் தேவாலயக் கோபுரமும் சுற்றி மலைகளும் தெரிகின்றன. சாரல் தலையில் விழுந்துகொண்டே இருந்தது. அப்பா ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. இரவு படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கவும் இல்லை.

ஞாயிறு

நாள் முழுக்க மழை. மதியம் கொஞ்சம் விட்டதும் டாக்ஸி பிடித்து பிரையர் பார்க் போனோம். ரால்ஃப் ஆலனின் மாளிகைத் தோட்டம். தபால் சேவையைச் சீராக்கிப் பணம் பார்த்தவர். அதைக்கொண்டு கூம் டவுன் மலைக் கற்சுரங்கங்களை வாங்கினார். 1731 வாக்கில், மலையிலிருந்து ஆற்றங்கரைக்குக் கல்லை இறக்க மரத் தண்டவாளம் போட்டார். வண்டிகள் கல் பாரத்தோடு தானாகவே சரிவில் இறங்கும், வெறும் வண்டியைக் குதிரைகள் மேலே இழுத்துக்கொண்டு போகும். தோட்டத்தின் அடியில் குளத்தின் மேல் 1755-இல் கட்டிய கூரை போட்ட பாலம். மிக அழகு.

கூம் டவுன் கிராமமே அந்தப் பழைய சுரங்கங்களின் மேல்தான் இருக்கிறது. சில இடங்களில் வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில் மிகக் குறைந்த கனத்துக்குத்தான் பாறை மிச்சம் இருந்தது. தாங்குதூண்களையும் செதுக்கி எடுத்துவிட்டதால், எப்போது வேண்டுமானாலும் இடியலாம் என்ற நிலை. சுமார் 2010 வரை நடந்த வேலையில் லட்சக்கணக்கான கன மீட்டர் நுரைக் கான்கிரீட்டை உள்ளே நிரப்பியிருக்கிறார்கள். வௌவால்களுக்கென்று வழிகளை விட்டுவைத்தார்கள். நேற்று முன்தினம் பார்த்த அத்தனை தூணும் இந்தப் பொந்துகளிலிருந்து போனவை.

திங்கள்

மெண்டிப் பார்க்காமல் அப்பா ரயிலேறமாட்டார் என்பதால் வெல்ஸ் நகரத்துக்கு பஸ் பிடித்தோம். மாடி பஸ், மேலே முன்வரிசை கிடைத்தது. ராட்ஸ்டாக் வழியாகப் போகிறது. அது பழைய நிலக்கரி ஊர். கடைசிச் சுரங்கங்கள் 1973-இல் மூடின. அருங்காட்சியகத்தின் முன்னால் சுரங்கத்துப் பெரிய சக்கரம் ஒன்றை நிறுத்தியிருக்கிறார்கள். நிலக்கரிப் படுகைக்குக் கீழே படிந்திருப்பது மெண்டிப்பின் அதே சுண்ணாம்புப் பாறை. அதாவது அந்த ஊருக்கு வெகு ஆழத்தில்தான் மழைநீர் சூடேறி பாத் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது. நாங்கள் தரைமேல் எதிர்த்திசையில் வந்துகொண்டிருந்தோம்.

பூமியை இப்படி அடுக்கடுக்காக வாசிக்கக் கற்றுக்கொடுத்தவரும் இந்தப் பக்கத்தில் வேலை பார்த்தவர்தான், வில்லியம் ஸ்மித். இங்கே நிலக்கரிக் கால்வாய்க்கு அளவெடுத்தபோது பாறை அடுக்குகளின் வரிசையைக் கண்டுகொண்டார். 1799-இல் பாத் நகரில் அதை முதன்முதலாக அட்டவணையாகச் சொல்லி எழுதவைத்தார். 1810-இல் வெந்நீர் ஊற்று குறைந்தபோது ஊர்க்காரர்கள் அவரைத்தான் கூப்பிட்டார்கள், தோண்டிப் பார்த்து நீரை மீட்டுக் கொடுத்தார். ஊற்றைச் சுற்றி யாரும் அனுமதியில்லாமல் ஆழமாகத் தோண்டக்கூடாது என்று 1982-இல் சட்டமே வந்துவிட்டது. "அதைத்தான் முதல்ல செஞ்சிருக்கணும்" என்றார் அப்பா. எங்கள் பக்கத்து ஆழ்துளைக் கிணறுகளை நினைத்துத்தான் சொல்லியிருப்பார்.

வெல்ஸ் மெண்டிப்பின் தெற்கு அடிவாரம். கதீட்ரலுக்குள் நுழைந்ததும் கண் போவது நடுக்கோபுரத்தின் கீழே எதிரெதிராக வைத்த கல் வளைவுகளுக்கு. கீழ் வளைவு நேராக, அதன் மேல் இன்னொன்று தலைகீழாக. கோபுரத்தை உயர்த்திய பிறகு கனம் தாங்காமல் அஸ்திவாரம் இறங்கி விரிசல் விட்டது. 1338-இலிருந்து 1348-க்குள் இந்த முட்டுகளைக் கொடுத்தார்கள். ஒரு கட்டடத்தைக் காப்பாற்ற அவசரமாகச் செய்த வேலைதான் இப்போது அதன் பேரழகு. பக்கத்தில் 14-ஆம் நூற்றாண்டுக் கடிகாரம். கால் மணிக்கு ஒருமுறை குதிரை வீரர்கள் சுற்றிவந்து மோதுகிறார்கள்.

பிஷப் மாளிகையைச் சுற்றி அகழி. மாளிகைத் தோட்டத்தில்தான் ஊற்றுகள் பொங்குகின்றன. குளத்தின் அடியில் மணல் புரண்டு புரண்டு எழுவது தெளிவாகத் தெரிகிறது. மெண்டிப்பில் இறங்கும் மழையில் ஒரு பங்கு ஆழத்துக்குப் போகாமல், குகைகள் வழியாகவே ஓடி, சூடேற நேரமில்லாமல் இங்கே வெளிவந்துவிடுகிறது. விரலை விட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது.

1451-இல் தாமஸ் பெக்கிங்டன் என்ற பிஷப், மிகுதி நீரை ஊர் மக்களுக்கு எழுதிக் கொடுத்தார். இன்றும் கடைத்தெருவின் ஓரமாகக் கல் வாய்க்காலில் அந்தத் தண்ணீர் ஓடுகிறது. சின்னப் பிள்ளைகள் இலையைப் போட்டுவிட்டு அதன் பின்னாலேயே ஓடினார்கள். அப்பா வாய்க்காலின் சரிவைக் கண்ணால் அளந்துகொண்டே தெரு முனை வரை நடந்துவிட்டு வந்தார். முழங்காலைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

"ஒரே மலை, ஒரே மழை. சீக்கிரம் வெளிய வந்தது பச்சத்தண்ணி, உள்ள போயிட்டு வந்தது வெந்நீர்" என்றார் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது.

நீங்கள் இந்தப் பக்கம் வந்தால், நாங்கள் பார்த்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் வெல்ஸ் வந்து ஊற்றையும் கடைத்தெரு வாய்க்காலையும் பாருங்கள், மாடி பஸ்ஸில் ராட்ஸ்டாக் வழியாக பாத் போங்கள், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரோமானியக் குளியல் கூடத்தின் வாசலில் நில்லுங்கள். கூட்டம் பத்தரைக்கு மேல்தான் சேர்கிறது. வடிகாலுக்கு முன்னால் அரை மணி நேரமாவது ஒதுக்கிவையுங்கள்.